மெஷின் சூடேறட்டும் சார்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் காலிபரேஷன் கூடத்துக்கு நான் போனபோது காலை வேலை இன்னும் தொடங்கவில்லை. சுற்றுவட்டார ரப்பர் ஆலைகளிலிருந்து சான்றிதழுக்காக வந்த ஸ்டாப்வாட்ச்சுகள் தட்டில் கிடந்தன. அச்சில் ரப்பர் வேகும் நேரம் கூடினால் பொருள் கெட்டுப்போகும், குறைந்தால் பச்சையாக நிற்கும். அதனால்தான் ஆடிட்டர்கள் முதலில் கடிகாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

“ஆரம்பிக்கலையாண்ணே?” என்று கூடத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

“மெஷின் சூடேறட்டும் சார். ராத்திரி கரண்டு போயி யூபிஎஸ்ஸும் படுத்துருச்சு.”

அவர் மெஷின் என்றது ஃபிரீக்வென்சி கவுண்டரை. அதற்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு ஒரு கோடி முறை அதிர்கிறது. கருவி அளக்கும் நேரமெல்லாம் அந்த அதிர்வுகளின் எண்ணிக்கைதான். வெப்பம் மாறினால் அதிர்வும் மாறும் என்பதால், படிகத்தை ‘அவன்’ (oven) என்னும் சின்னச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு சூடு எதற்கு? அவனால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. ஆகவே அது எந்த அக்னி நட்சத்திர வெயிலையும்விடச் சூடாக இருந்தாக வேண்டும். அந்தச் சூட்டுக்கு அருகில் வெப்பம் இம்மி ஏறி இறங்கினாலும் அதிர்வு அசையாதபடி படிகத்தையும் வெட்டியிருக்கிறார்கள்.

கருவியின் முகப்பில் உள்ள சுவிட்ச்சை அணைத்தாலும் அவனுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சுவரிலுள்ள சுவிட்ச்சை அணைத்தால் அதுவும் ஆறிவிடும். அந்தச் சுவிட்ச்சின் மேல் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கரண்டு மிச்சம் பிடிப்பதாக நினைத்து மாலையில் அதை அணைத்துவிட்டுப் போவார்களாம். நல்ல பழக்கம்தான், இந்த ஒரு பிளக்கைத் தவிர.

ஜிபிஎஸ் ரிசீவரின் 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கவுண்டருக்குக் கொடுத்துக் காட்டினார். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருப்பதால் அந்த சிக்னலை நம்பலாம். திரையில் தெரியும் பிசகு கவுண்டருடையது. முதலில் கடைசி இலக்கங்கள் ஓடின, பிறகு நடந்தன. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கடைசி ஒன்றிரண்டு இலக்கங்கள்தான் அசைந்துகொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்குள் வந்துவிடும், முழு நிதானத்துக்கு ஒரு நாள் ஆகும் என்றார்.

ஸ்டாப்வாட்ச்சுக்கு இவ்வளவு தேவையா? நாளுக்கு அரை விநாடி பிசகுவது என்றால் பத்து லட்சத்தில் ஆறு பங்கு. அந்த அளவுக்கு அரை மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். கட்டைவிரலால் அழுத்திச் சோதித்தால்தான் வம்பு. பத்து நிமிட ஓட்டத்தில் விரல் பத்தில் ஒரு விநாடி தாமதித்தாலே ஆறாயிரத்தில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். அதனால் இங்கே பட்டனை அழுத்துவதில்லை. ஸ்டாப்வாட்ச்சின் படிகம் அதிர்வதை ஒரு சென்சார் நேராகவே கேட்டுக்கொள்கிறது.

அந்தப் படிகத்துக்கு அவனும் இல்லை, ஏசியும் இல்லை. விநாடிக்கு 32,768 முறை அதிரும் அது 25 டிகிரியை ஒட்டித்தான் வேகமாக ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகிவிடும். 40 டிகிரியில் நாளுக்கு ஏறத்தாழ முக்கால் விநாடி பின்தங்கும். பைக் பெட்டியில் வெயில் குடித்து வந்ததை உடனே அளந்தால் வருவது பெட்டியின் சூட்டுக்கான கணக்கு. எனவே வந்த சரக்கை ஒரு ராத்திரி ஏசி அறையில் கிடத்திவிட்டு மறுநாள்தான் தொடுகிறார்கள். சான்றிதழிலும் அறையின் வெப்பநிலை அச்சாகிறது. பிரஸ் மெஷின் பக்கத்தில் அனலில் தொங்கப்போகும் கடிகாரத்துக்கு அந்த வரிதான் முக்கியம், ஆனால் பெரும்பாலும் முத்திரையைத்தான் பார்க்கிறார்கள்.

மதுரைக்குள் திரும்பி, டவுன்ஹால் ரோடு பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “நான் ஆன் பண்ணுன உடனே பாத்துருவேன் தம்பி.”

டிக் ஒலியைக் கேட்டு வாட்ச்சின் வேகத்தை அளக்கும் டைம்கிராஃபரின் மைக்கில் ஒரு எச்எம்டி ஜனதா வாட்ச்சை மாட்டினார். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து டிக். படுக்க வைத்தபோது ஒரு எண், சாவியைக் கீழ்நோக்கி நிறுத்தியபோது வேறொரு எண். இரண்டுக்கும் பல விநாடி வித்தியாசம். கருவியின் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் நாளுக்கு 0.09 விநாடிதான். அந்த வாட்ச்சுக்கு முன்னால் அது எடுபடாது. அவர் பொறுமை காட்டுவது வேறு இடத்தில்: முழுச் சாவி கொடுத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் எண்ணை நம்புகிறார்.

குவார்ட்ஸ் வாட்ச் என்றால் அவரும் காத்திருந்துதான் ஆகவேண்டும். அதிலுள்ள சிப், வேகத்தைச் சரிக்கட்ட நடுவே சில துடிப்புகளை விட்டுவிடும். சிலவற்றில் இது 10 விநாடிக்கு ஒருமுறை நடக்கும், சிலவற்றில் 60 விநாடிக்கு ஒருமுறை. அந்தச் சுற்று முடியுமுன் படிக்கும் எண் பொய். “பேட்டரி மாத்த வர்றவுக அந்த ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குறாக” என்றபடி அடுத்த வாட்ச்சின் பின்மூடியைத் திறந்தார்.