ஓர் இடைவெளி

புது புராஜெக்ட் ஆரம்பிக்கும்போதெல்லாம் எங்கள் குழுவில் பழையதைக் காப்பி எடுப்போம். பெயரை மாற்றி, வேண்டாததை அழிப்போம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஏதாவது ஒரு ஃபைலில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொல்லை தீரத்தான் இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட் எழுதினேன். டெர்மினலில் ஒரு வரி அடித்தால் ஃபோல்டர்கள், ரீட்மீ, டெஸ்ட் ஃபைல்கள், கிட் ரெப்போ எல்லாம் தயார்.

என் லேப்டாப்பில் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. பிறகு, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் தன் புராஜெக்டுக்கு 'முதல் வேலை' என்று பெயர் கொடுத்து ஓட்டினார். இரண்டு சொல், நடுவே ஓர் இடைவெளி. ஸ்கிரிப்டில் அந்தப் பெயர் வரும் வேரியபிளை நான் இரட்டை மேற்கோளுக்குள் வைக்கவில்லை. அப்படி விட்டால் பாஷ் அதை இடைவெளியில் உடைத்து இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். 'வேலை' என்று அவரிடம் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருந்தது. என் டெம்ப்ளேட் நேராக அதற்குள் போய் இறங்கியது. அவர் உட்கார்ந்து எழுதிய ரீட்மீயின் மேல் என் வெற்று ரீட்மீ ஏறிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

லினக்ஸ் உலகில் இதைவிடப் பெரிய சேதம் நடந்திருக்கிறது. என்விடியா ஆப்டிமஸ் லேப்டாப்களுக்கான பம்பிள்பீ என்ற மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், 2011இல், அழிக்கும் கட்டளையின் நடுவே ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஃபோல்டரை நீக்க வேண்டிய வரி, 'யுஎஸ்ஆர்' ஃபோல்டரையே அழித்தது. கணினியின் பெரும்பாலான புரோகிராம்கள் இருக்கும் இடம் அது.

ஸ்கிரிப்டைத் திரும்ப எழுதினேன். வேரியபிள் எல்லாவற்றுக்கும் மேற்கோள் போட்டேன்; விட்டுப்போனால், ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் 2086 என்ற எண்ணோடு எச்சரிக்கும். புராஜெக்டின் பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருந்தால் எதையும் தொடாமல், காரணம் சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடும். மேக்கில், ஃபைலுக்குள் சொற்களை மாற்றும் 'செட்' (sed) கட்டளை வேறு மாதிரி நடந்துகொள்வதற்கும் வழி செய்தேன்.

நான் அதிக நேரம் செலவிட்டது இன்னொன்றில். எல்லாவற்றையும் முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் கட்டி, கடைசி வரியில்தான் உரிய பெயருக்கு மாற்றுகிறேன். அந்தத் தற்காலிக ஃபோல்டர், புராஜெக்ட் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டிஸ்கின் ஒரே பகுதியில் இருந்தால் அந்த மாற்றம் வெறும் பெயர் மாற்றம்தான், பாதியில் நிற்காது. வேறு பகுதியில் இருந்தால் ஃபைல் ஃபைலாகக் காப்பி ஆகும், நடுவில் அறுந்துபோகலாம். யாராவது இடையில் கன்ட்ரோல்-சி அழுத்தினால், ஸ்கிரிப்டில் வைத்திருக்கும் 'டிராப்' (trap) கட்டளை அந்தத் தற்காலிக ஃபோல்டரைத் துடைத்துவிடும்.

இன்ஸ்டாலர் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளியே கொடுக்கும் முன், இடைவெளி உள்ள பெயரில் ஒருமுறை, ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரின் பெயரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது முறை, பாதியில் நிறுத்திப் பாருங்கள்.