தராசுக்காக ஓர் ஒருசந்தி

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில், சிலுவைப்பாதைக்குப்பின் ஆற்றிய சிறு மறையுரையில் நாம் ஒரு பிழை செய்தோம். செய்தபோது அது பிழையென்று நமக்குத் தெரியவில்லை. தெரிந்தபின், அதை எவ்வாறு திருத்துவது என்று நெடுநாள் எண்ணிப் பார்த்து, இப்பொழுது எழுதுகிறோம். இதில் வரும் இளைஞன் எழுதுவதற்கு இசைந்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

நமது பங்கு வடசென்னையில் உள்ளது. குத்துச்சண்டை இப்பகுதிக்குப் புதிதன்று. தந்தையும் பாட்டனும் கையுறை மாட்டிய வீடுகள் இங்குப் பல உண்டு. அவ்வாரம் வியாழக்கிழமை மாலை, அத்தகைய ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றிருந்தோம். தாய் தேநீர் கொண்டுவந்தார். இருபத்துமூன்று வயது மகன் ஒதுங்கி நின்றான். கன்னங்கள் ஒட்டியிருந்தன, உதடுகள் வெடித்திருந்தன. “நீயும் ஒரு வாய் குடி, தம்பி” என்றோம். “சனிக்கிழமை காலை வரைக்கும் தண்ணிகூட இல்ல, ஃபாதர்” என்றான். நாம் உள்ளம் உருகிப்போனோம். சுத்தபோசனத்தையே மறந்துவிட்ட காலத்தில் இப்படியும் ஓர் இளைஞனா என்று வியந்தோம். மறுநாள் மறையுரையில், பெயர் கூறாமல், அவனது ஒருசந்தியைப் புகழ்ந்து பேசினோம். யாரைச் சொல்கிறோம் என்பது கோயிலில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது.

வழிபாடு முடிந்ததும் தாய் சக்ரீஸ்துக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. “சாமி, அவன் ஆண்டவருக்காக ஒருசந்தி இருக்கல. தராசுக்காக இருக்கான். நாளைக்கு எடை பாக்கறாங்க, ஞாயிற்றுக்கிழமை சண்டை. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். இப்ப நீங்களே கோயில்ல புகழ்ந்துட்டீங்க. இனிமே நான் சொன்னா கேப்பானா?” என்றார். நம்மிடம் பதில் இல்லை.

அன்றிரவே அவ்வீட்டிற்குச் சென்றோம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடுப்பு அணிந்து, அதன்மேல் கம்பளி போர்த்து அவன் அமர்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு வெற்றுப் போத்தல் இருந்தது. வாயில் ஊறும் எச்சிலையும் அதில் துப்பிக்கொண்டிருந்தான். அதுவும் எடைதானே! நாம் கேட்கக் கேட்கத் தன் தொழிலின் மறைபொருளை விளக்கினான்.

அவனது இயல்பான எடை 68 கிலோ. அவன் சண்டையிடும் பிரிவின் எல்லை 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. சில வாரங்களாகச் சோற்றைக் குறைத்தான். பின்னர் உப்பை நிறுத்தினான். கடைசி வாரத்தின் தொடக்கத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, உடல் நீரை வெளியேற்றப் பழகியதும் திடீரென்று குடிப்பதை நிறுத்தினான். எஞ்சியதை வியர்வையாக வடிக்க வெந்நீர்க் குளியலும், இவ்வுடுப்பில் ஓட்டமும். தராசில் ஏறி இறங்கிய நொடியிலிருந்து எல்லாம் தலைகீழ்: உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சி, சோறு. மறுநாள் மாலை மேடை ஏறும்போது நான்கைந்து கிலோ திரும்பியிருக்கும். “தராசுல நிக்கற ஆள் வேற, மேடையில நிக்கற ஆள் வேற, ஃபாதர்” என்றான்.

“அப்படியானால் உன் சொந்த எடையிலேயே சண்டையிடலாமே?” என்று கேட்டோம். “அந்தப் பிரிவுல வர்றவன் எழுபத்தஞ்சு கிலோ ஆளு, ஃபாதர். அவனும் குறைச்சுட்டுத்தான் வர்றான்” என்றான். இதுதான் இதன் முடிச்சு என்று அப்பொழுது புரிந்துகொண்டோம். ஒருவன் மட்டும் நேர்மையாக நின்றால் தன்னைவிடப் பெரியவனிடம் அடிபடுவான். ஆகவே அனைவரும் வற்றுகிறார்கள். அனைவரும் வற்றுவதால் எவருக்கும் ஆதாயம் மிஞ்சுவதில்லை. ஆபத்து மட்டும் அனைவருக்கும் மிஞ்சுகிறது.

அதன்பின் இதைப்பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். எடைப்பிரிவு என்பதே எளியவனை வலியவனிடமிருந்து காக்கப் பிறந்த ஏற்பாடு. முற்காலத்தில் போட்டி நாளன்றே எடை பார்த்தார்கள். 1982 நவம்பர் 13 அன்று, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், கொரியாவின் கிம் டுக்-கூ என்ற இளைஞர் ரே மான்சினியோடு மோதினார். 135 பவுண்டு எல்லைக்குள் வர அவர் மிகவும் துன்புற்றிருந்தார் என்று சொல்லப்பட்டது. 14-ஆம் சுற்றில் வீழ்ந்த அவர் சில நாட்களில் உயிர்நீத்தார். உலகமே அதிர்ந்தது. பதினைந்து சுற்றுகள் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. வற்றிய உடல் தேற ஒரு நாளாவது கிடைக்கட்டும் என்று, எடை பார்ப்பதை முந்தின நாளுக்கு மாற்றும் வழக்கமும் அக்காலத்தில் பரவியது.

இரக்கத்தால் பிறந்த விதி அது. ஆனால் மனிதன் என்ன செய்தான்? தேறுவதற்கு ஒரு நாள் கிடைக்கிறதென்றால் இன்னும் அதிகமாக வற்றலாமே என்று கணக்குப் போட்டான். நோயாளிக்குத் தந்த மருந்தை ஆரோக்கியமானவன் சூதுக்குப் பயன்படுத்தியது போலாயிற்று.

அக்கணக்கின் விளைவு 2000 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் வெளிப்பட்டது. ஆர்ட்டுரோ கட்டி, ஜோயி கமாஷ் ஆகிய இருவருக்கும் எல்லை 141 பவுண்டு. போட்டி இரவில் தொலைக்காட்சி நிறுவனத்தார் நிறுத்துப் பார்த்தபோது கமாஷ் 145 பவுண்டு, கட்டியோ 160. ஓர் இரவும் ஒரு பகலும் கடந்ததில் பதினைந்து பவுண்டு வேறுபாடு! இரண்டாம் சுற்றில் கமாஷ் நினைவிழந்து வீழ்ந்தார். மூளை காயமுற்றது, அதன்பின் அவர் மேடை ஏறவே இல்லை. முந்தின நாள் தராசு சரியாகத்தான் பார்க்கப்பட்டதா என்பது பின்னர் நீதிமன்றம் வரை சென்றது.

அடிப்பவனுக்கு ஆதாயம் என்பது கதையில் ஒரு பாதிதான். வற்றியவனுக்கே ஆபத்து இன்னும் கூடுதல். நம் உடலில் பாதிக்குமேல் நீர். அது குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைகிறது; இதயம் விரைந்து துடிக்கிறது; சிறுநீரகம் திணறுகிறது; தசை பிடித்துக்கொள்கிறது. மூளையோ ஒரு திரவத்தில் மிதந்து, அதையே மெத்தையாகக் கொண்டு அதிர்ச்சியைத் தாங்குவது. நீர் வற்றிய உடலில் தலைமேல் விழும் குத்து கூடுதலான கேட்டை விளைவிக்கக்கூடும் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். மறுநாள் தராசு முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டாலும், உடலின் உள்ளுறுப்புகள் அனைத்தும் அவ்வளவு விரைவில் தேறிவிடுவதில்லை.

இதைத் தடுக்க முயன்றவர்களும் உண்டு. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, தன் பட்டப் போட்டிகளில் போட்டி நாள் காலையில் இரண்டாம் முறையும் எடை பார்க்கும் விதியைக் கொண்டுவந்தது; எல்லைக்குமேல் 10 பவுண்டுக்கு அதிகமாக ஏறியிருக்கக் கூடாது என்றது. சில பெரிய போட்டிகளில் இத்தகைய நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் இந்த நிபந்தனையும் இருபுறமும் வெட்டும் கத்தி. உடற்கட்டில் பெரியவனை நீரின்றியே மேடையேற்றும் தந்திரமாகவும் அது மாறக்கூடும்.

இங்கே ஒரு தந்தையின் கதையைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் கிறிஸ் யூபாங்க், 1991 செப்டம்பர் 21 அன்று லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் மைக்கேல் வாட்சனை வென்றார். வாட்சன் நாற்பது நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். மீண்டபின், 2003-இல் லண்டன் மாரத்தான் தொலைவை ஆறு நாட்களில் தட்டுத்தடுமாறி நடந்து முடித்தார். முடிவில் அவர் அருகில் நடந்து வந்தவர்களுள் யூபாங்கும் ஒருவர்.

அதே பெயருடைய அவர் மகனும் குத்துச்சண்டை வீரர். 2022-இல் மகன், கானர் பென் என்பவரோடு 157 பவுண்டு எல்லையில் மோத ஏற்பாடாயிற்று. அது மகனின் உடலுக்கு ஏற்ற எடையன்று என்று தந்தை வெளிப்படையாக எதிர்த்தார். முந்தின ஆண்டில்தான் மற்றொரு மகனை இழந்திருந்தார் அவர். அப்போட்டி வேறு காரணத்தால் நின்றுபோயிற்று. ஆனால் 2025 ஏப்ரல் 26 அன்று, 160 பவுண்டு எல்லையிலும் மறுநாள் காலை 170-ஐத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையிலும் இருவரும் மோதினர். தராசில் மகன் 0.05 பவுண்டு கூடுதலாக நின்றார். நம் கணக்கில் அது 23 கிராம். அதற்கு அபராதம் ஐந்து இலட்சம் டாலர்! நெடுநாள் எதிர்த்த தந்தை, அன்றிரவு மகனோடு அரங்கினுள் நுழைந்தார். அவ்வரங்கம் எழும்பியிருப்பது பழைய ஒயிட் ஹார்ட் லேன் இருந்த அதே நிலத்தில். அவ்விடத்தில் கால் வைத்தபோது அவர் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்பதைப் பெற்றோர் அறிவர். மகன் பன்னிரண்டு சுற்றுகளும் நின்று வென்றார். வென்றபின் மருத்துவமனைக்குச் சென்றார்.

நமது இளைஞனுக்கு வருவோம். அந்தச் சனிக்கிழமை அவன் தராசில் தேறினான். ஞாயிறன்று நான்கு சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்றும்விட்டான். பங்கில் சிலர் பட்டாசு வெடித்தனர். நாம் அவனைத் தனியே அழைத்துப் பேசியபோது, “மூணாவது சுற்றுல என் காலு என்னோடது இல்ல, ஃபாதர். யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சு” என்று மெதுவாகச் சொன்னான். யூபாங்க் தந்தையின் கதையை அவனுக்குச் சொன்னோம். முன்பு தவறாகப் புகழ்ந்ததற்கு அவனிடமும் அவன் தாயிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

ஒருசந்தி இருப்பவன் தன் பசியை அடுத்தவனுக்கு நன்மையாக மாற்றுகிறான். தான் உண்ணாத சோறு ஏழையின் கலத்தில் விழவேண்டும். தராசுக்காக வற்றுபவனோ தன் தாகத்தை அடுத்தவன்மேல் இறக்கும் பாரமாக மாற்றுகிறான். இடையில் தன் உடலையும் அடகு வைக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வெடித்த உதடுகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பிட்டதே நாம் செய்த பிழை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மல்யுத்தமும் இதே தராசின்கீழ்தான் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டியை எட்டிய நம் நாட்டு வினேஷ் போகாட், இரவு முழுதும் பாடுபட்டும் 100 கிராம் கூடுதலாக நின்று விலக்கப்பட்டதை நாமெல்லாரும் கண்ணீரோடு பார்த்தோம். உங்கள் பிள்ளை வெயிலில் பிளாஸ்டிக் உடுப்பணிந்து ஓடினால், போத்தலில் துப்பினால், தலைசுற்றுகிறது என்றால், சிறுநீர் கறுத்துப் போகிறது என்றால், அதை வீரம் என்று வாழ்த்தாதீர்கள். பயிற்சியாளரிடம் சென்று, “என் பிள்ளையின் உண்மையான எடை என்ன?” என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சில திங்கள் கழித்து அவன் 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ பிரிவுக்கு மாறினான். அங்கே ஆடிய முதற்போட்டியில் தோற்றான். உடம்பில் அடி இருந்தது. கண்ணில் தெளிவும் இருந்தது. மறுநாள் திருப்பலி முடிந்து, தாய் ஒரு சிறு டப்பாவில் இனிப்புக் கொண்டுவந்து நம் கையில் தந்தார். “தோற்றதற்கா இனிப்பு?” என்று கேட்டோம்.

“இல்ல சாமி. எடை பாக்கப் போற அன்னிக்குக் காலையில வீட்ல ரெண்டு இட்டிலி சாப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டுப் போனான். இத்தன வருஷத்துல இதுதான் முதல் தடவை” என்றார்.