64 பைட் ஹேண்ட்ஓவர்

மருத்துவம் சம்பந்தமில்லாத த்ரெட் இது. அப்படித்தான் ஆரம்பிக்கிறேன், எங்க போய் நிற்கும்னு என்னைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

1993 ஜூலை கடைசி. பின்லாந்தில், ஹெல்சின்கிக்கு வடக்கே கெரவான்னு ஒரு சின்ன ஊர். அங்கே 'அசெம்ப்ளி'ன்னு கம்ப்யூட்டர் பித்துப் பிடிச்ச பசங்களோட திருவிழா. அவனவன் மேஜைக் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் தூக்கிக்கிட்டு வந்து சேருவான். ராத்திரி பகல் பார்க்காம உட்கார்ந்திருப்பான். பெரிய திரையில போட்டி நடக்கும். அந்த வருஷம் பிசி டெமோ போட்டியில முதல் பரிசு வாங்கினது 'செகண்ட் ரியாலிட்டி'. செஞ்சது ஃபியூச்சர் க்ரூங்கிற குழு.

டெமோன்னா என்ன? வீடியோ கிடையாது. கேமும் கிடையாது. ஒரு புரோகிராம். ஓட விட்டா இசையோட சேர்ந்து படங்கள், சுழலும் உருவங்கள், அலைகள் எல்லாம் திரையில வரும். ஒவ்வொரு நொடியும் அந்தக் கம்ப்யூட்டரே அப்போதைக்கப்போது கணக்குப் போட்டு வரையுது. அதனால யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்ல. 'இந்த டப்பாவை வச்சு இவ்வளவு பண்ண முடியும் பாரு'ன்னு காட்டுறதுதான் நோக்கம். 80-கள்ல கேம்களோட பூட்டை உடைச்சுக் கள்ளத்தனமா காப்பி போட்டவங்க, 'உடைச்சது நாங்கதான்'னு முன்னாடி ஒரு சின்ன அறிமுகம் ஒட்டுவாங்க. அந்த அறிமுகம் கேமை விட அழகா ஆயிடுச்சு. அப்புறம் கேமை விட்டுட்டு அறிமுகத்தை மட்டும் செய்ய ஆரம்பிச்சாங்க. வேர் அங்கதான். 2020-ல பின்லாந்து இதைத் தன் நாட்டின் வாழும் மரபுப் பட்டியலிலேயே சேர்த்துடுச்சு.

சாஃப்ட்வேர்ல இருக்கிற என் தம்பிதான் இதை முதல்ல எனக்குக் காட்டினான். ஏழெட்டு வருஷம் முன்னாடி. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பாதிக் கண்ணுல பார்த்தேன். "நல்லா இருக்குடா, இதுல என்ன பெரிசு?"ன்னு கேட்டேன். "அண்ணா, திரையில 320 புள்ளிக்கு 200 புள்ளி, 256 கலர். டாஸ்ல புரோகிராமுக்குக் கிடைக்கிற மெமரி 640 கேபி-க்கு உள்ள. உன் போன்ல நேத்து எடுத்த ஒரு போட்டோ இதை விடப் பெரிசு"ன்னான்.

சரி, பெரிய விஷயம்தான். ஆனா என்னைப் பிடிச்சு உட்கார வச்சது அது இல்ல. 2013-ல, இருபது வருஷம் ஆனதும், இந்த டெமோவோட மூல நிரல் முழுசையும் யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு பொதுவுல போட்டுட்டாங்க. தம்பி அதைத் திறந்து விளக்கினான். நிரல் எனக்குப் பாதிக்கு மேல புரியாது. ஆனா அதுல ஒரு மூலையில இருந்த பிரச்சினையும் அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழியும் நல்லாவே புரிஞ்சது. ஏன்னா அது நான் தினமும் வார்டுல பார்க்கிற பிரச்சினை.

செகண்ட் ரியாலிட்டியை ஒரே ஆள் எழுதல. நிரல் எழுதினவங்க சில பேர், இசை ரெண்டு பேர், ஓவியம் தனி. முக்கியமான நிரலாளர் பேரு சாமி. ஆமா, சாமியேதான். சாமி தம்மிலேதோ. (நம்ம ஊர்ல இருந்தா பெரிய டாக்டர் ஆக்கியிருப்பாங்க.) இசைக்கு அவங்க பயன்படுத்தின ஸ்க்ரீம் ட்ராக்கர்ங்கிற கருவியையும் அவர்தான் எழுதினார். எல்லாரும் சின்னப் பசங்க. சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. ஒருத்தன் சுழலும் கனசதுரம் செய்வான், ஒருத்தன் நகரத்துக்கு மேல பறக்கிற காட்சி செய்வான், ஒருத்தன் படத்து மேல ஊர்ந்து போற லென்ஸ் செய்வான். ஒவ்வொரு காட்சியும் தனித்தனி புரோகிராம். ஒருத்தர் அசெம்ப்ளியில எழுதுவார், ஒருத்தர் சி-யில, ஒருத்தர் பாஸ்கல்ல. அவரவர் வீட்டுல, அவரவர் மெஷின்ல. இன்டர்நெட்டுன்னு ஒண்ணு அன்னைக்கு வீட்டுக்கு வந்திருக்கல. மோடம் வச்சு போன் லைன்ல ஒரு பிபிஎஸ்-ஐக் கூப்பிடணும், இல்லன்னா ஃப்ளாப்பியைக் கையில எடுத்துக்கிட்டுப் போகணும்.

இதுல இன்னொரு கூத்து: அந்த அசெம்ப்ளி திருவிழாவையே நடத்தினவங்கள்ல இவங்களும் ஒரு குழு. 1992-ல ரெண்டு அமிகா குழுக்களோட சேர்ந்து ஆரம்பிச்சது. கல்யாணத்துல பந்தி பரிமாறுறவனே மாப்பிள்ளையும்னா எப்படி இருக்கும், யோசிச்சுக்கோங்க.

இப்ப பிரச்சினைக்கு வருவோம். தனித்தனியா ஒவ்வொரு காட்சியும் அபாரம். இதையெல்லாம் ஒண்ணா ஒட்டணும். ஒரு காட்சி முடிஞ்சு அது மெமரியைக் காலி பண்ணணும், அடுத்தது டிஸ்க்கிலிருந்து ஏறணும். நடுவுல இசை நிற்கக் கூடாது. டாஸ்ல ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான். ஒவ்வொருத்தனும் 'மெஷின் முழுக்க என்னோடது'ன்னு நினைச்சு எழுதியிருக்கான். ஒருத்தன் டைமரை மாத்திட்டுப் போனா அடுத்தவன் காட்சி தாளம் தப்பும். ஒருத்தன் ஸ்க்ரீன் மோடை அப்படியே விட்டுட்டுப் போனா அடுத்தவனுக்குக் குப்பைதான் தெரியும். ஒவ்வொண்ணும் தனியா ஓடும்போது எந்தக் குறையும் இருக்காது. யாரைக் கேட்டாலும் "என்னோடது நல்லாத்தான் ஓடுது"ம்பான். அவன் சொல்றதும் உண்மைதான்.

இந்த வசனத்தை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? கேஷுவாலிட்டியில கேட்டா நாங்க சரியாத்தான் அனுப்பினோம்பாங்க. வார்டுல கேட்டா நாங்க வந்ததை வச்சு சரியாத்தான் பார்த்தோம்பாங்க. ரெண்டும் சரியாத்தான் இருக்கும். நோயாளி மட்டும் நடுவுல தொலைஞ்சிருப்பார்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடம். பத்தொன்பது வயசுப் பையன், கால்ல செல்லுலைட்டிஸ், நல்ல காய்ச்சல். கேஷுவாலிட்டி சீட்டுல 'பெனிசிலின் அலர்ஜி'ன்னு தெளிவா எழுதியிருந்தது. அங்கிருந்து அப்சர்வேஷன், அங்கிருந்து வார்டு. ஒவ்வொரு இடத்துலயும் புதுசா ஒரு கேஸ் ஷீட். மூணாவது ஷீட்டுல அந்த ரெண்டு வார்த்தை இல்ல. பழைய சீட்டு பின்பக்கமா ஸ்டேப்பிள் ஆகியிருந்தது. ஊசி மருந்து எழுதி, டெஸ்ட் டோஸ் போடப் போன சிஸ்டர் வழக்கமா கேட்கிற மாதிரி, "தம்பிக்கு எந்த ஊசியாவது ஒத்துக்காதாம்மா?"ன்னு அம்மாகிட்ட கேட்டாங்க. "அதான் வந்தவுடனே சொல்லிட்டோமேம்மா, சின்ன வயசுல ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சுத் திணறி..."ன்னு அந்தம்மா ஆரம்பிச்சதும் சிஸ்டர் சிரிஞ்சைக் கீழ வச்சுட்டாங்க. பையன் வேற மருந்துல நல்லாகி நடந்து போனான்.

அடுத்த நாள் ஒரு விசாரணை நடந்தது. யார் மேலேயும் குற்றம் சொல்ல முடியல. மூணு பேரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காச் செஞ்சிருந்தாங்க.

ஃபியூச்சர் க்ரூ பசங்க இதே இடத்துல என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 'டிஸ்'னு ஒரு சின்ன புரோகிராம் எழுதினாங்க. டெமோ இண்டரப்ட் சர்வர். அது மெமரியில ஓரமா உட்கார்ந்திருக்கும். இசையை அது பார்த்துக்கும், திரையோட துடிப்பை அது பார்த்துக்கும். காட்சிகள் வரும் போகும், இது நகராது. நம்ம வார்டுல டாக்டர்கள் ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்க, சீனியர் சிஸ்டர் ஒருத்தர் எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அந்த மாதிரி.

ஒவ்வொரு காட்சியும் இந்த டிஸ் கிட்ட சில கேள்விகள்தான் கேட்கலாம். நான் வெளியே போகணுமா? இசை இப்ப எந்த இடத்துல இருக்கு? அடுத்த துடிப்பு வரைக்கும் காத்திருக்கட்டுமா? விரல் விட்டு எண்ணிடலாம். வீட்டுல தனியா எழுதும்போதும் ஒவ்வொருத்தனும் இதே டிஸ்ஸை ஓட விட்டுத்தான் எழுதணும். அதனால வீட்டுல ஓடின காட்சி மேடையிலயும் அப்படியே ஓடும்.

இசை எங்க இருக்குன்னு கேட்கிறது ரொம்ப முக்கியம். சில பேர் வச்சிருந்தது 386, சில பேர் 486. 'நான் இத்தனை படம் வரைஞ்ச பிறகு அடுத்த காட்சி'ன்னு எழுதினா, மெதுவான மெஷின்ல இசை முன்னாடி ஓடிடும், படம் பின்னாடி நொண்டும். இசையைப் பார்த்து எழுதினா, மெதுவான மெஷின் நடுவுல நாலு படத்தை விட்டுடும், ஆனா வெடிக்க வேண்டிய நேரத்துல வெடிக்கும். காலை 6 மணி ஆன்டிபயாடிக் டோஸை 6 மணிக்குக் குடுக்கணும். "20 பெட் முடிச்சுட்டு வர்றேன்"னா, கூட்டமான வார்டுல அது 9 மணி டோஸ் ஆயிடும்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஒரு காட்சி அடுத்த காட்சிக்கு ஏதாவது சொல்லிட்டுப் போகணும்னா, டிஸ் ஒரு பொதுவான இடம் குடுக்கும். அதோட அளவு 64 பைட். இன்னைக்கு நாம போன்ல தமிழ்ல தட்டினா ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் 3 பைட் போகும். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 'பெனிசிலின் அலர்ஜி' 49 பைட். தாராளமா உள்ள போகும், மிச்சம் 15 பைட் இருக்கு.

சம்பளமும் முதலாளியும் இல்லாததுதான் இதுக்குக் காரணம்னு நான் நினைக்கிறேன். ஆசைக்குச் செய்றவனை "நீ பாஸ்கல்ல எழுதாதே, சி-யிலதான் எழுதணும்"னு அதட்டினா ஃப்ளாப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவான். அதனால உள்ள எப்படி வேணா எழுதிக்கோ, கை மாத்துற இடத்துல மட்டும் இந்த நாலு விஷயம் கட்டாயம்னு வச்சாங்க. நம்ம நிர்வாகங்கள் நேர் எதிர். உள்ள செய்ற ஒவ்வொண்ணுக்கும் ரெஜிஸ்டர், நாலு பக்க ஃபாரம். கை மாத்துற இடத்துல? "சார், 14-ம் பெட் கொஞ்சம் பார்த்துக்கோங்க"ன்னு லிஃப்ட் பக்கத்துல சொல்லிட்டுப் போறதுதான் ஹேண்ட்ஓவர்.

இது என் புலம்பல் மட்டும் இல்ல. 2014-ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்த ஐ-பாஸ் ஆய்வைப் படிங்க. 9 மருத்துவமனைகள்ல, குழந்தைகள் வார்டு ரெசிடெண்ட் டாக்டர்களோட ஹேண்ட்ஓவரை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தாங்க. எவ்வளவு சீரியஸ், சுருக்கமா என்ன கேஸ், செய்ய வேண்டியது என்ன, என்ன ஆனா என்ன பண்ணணும், கடைசியா வாங்கிக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லணும். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைஞ்சது, தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம். புது மருந்து ஒண்ணு இப்படி வேலை செஞ்சிருந்தா அதுக்கு எத்தனை ரெப் வந்து நின்னிருப்பாங்க!

டெமோ கதைக்குத் திரும்பறேன். ஜூலை கடைசியில ஜெயிச்சாச்சு. ஆனா ஊருக்கு வெளியானது அக்டோபர்ல. மேடையில ஓடின அதே டெமோதான், அப்புறம் எதுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல? மேடையில ஓட வேண்டியது ஒரு மெஷின்ல, ஒரு தடவை. ஊருக்குக் குடுக்கணும்னா எவன் வீட்டுல எந்த சவுண்ட் கார்டு இருக்கும், மெமரியில என்னென்ன ஏத்தி வச்சிருப்பான்னு தெரியாது. கான்ஃபரன்ஸ் ஸ்லைடுல பளபளன்னு இருந்த சிகிச்சை முறை, கரண்ட் போய் போய் வர்ற தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆகுதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மாசம் ரொம்பக் கம்மி.

அந்தக் குழு அப்புறம் பெரிய டெமோ எதுவும் பண்ணாமலே கலைஞ்சது. அதுல இருந்த சிலர் 1995-ல ஆரம்பிச்ச ரெமெடி கம்பெனிதான் பின்னாடி மேக்ஸ் பெய்ன் கேமைக் கொண்டு வந்தது. இசையமைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான யோனே வால்டொனென், இன்னைக்கு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதுறவர்.

எங்க வார்டுல இப்ப ஒரு சின்ன ஏற்பாடு இருக்கு. கேஸ் ஷீட்டோட மேல் மூலையில சிவப்பு மையில ரெண்டு வரி: என்ன ஒத்துக்காது, இன்னைக்கு ராத்திரி எதைக் கவனிக்கணும். ஷீட் மாறினா முதல்ல அந்த ரெண்டு வரியைத்தான் எழுதணும். சி.ஆர்.ஆர்.ஐ பசங்க பிடிச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் பண்டிகை நாளும் இன்னும் ஓட்டைதான். சிவப்புப் பேனாவை நானும் சிஸ்டரும் மாத்தி மாத்தி வாங்கி வைக்கிறோம், வாரத்துல ரெண்டு காணாமப் போகுது. கேட்டா "என்கிட்ட நல்லாத்தான் இருந்தது சார்"னு பதில் வருது.

செகண்ட் ரியாலிட்டி யூடியூப்ல இருக்கு, கால் மணி நேரத்துக்குள்ளதான். ஹெட்போன் போட்டுக்கிட்டுப் பாருங்க. எல்லாரும் காட்சியைப் பார்ப்பாங்க. நீங்க ஒரு காட்சி முடிஞ்சு அடுத்தது வர்ற அந்த அரை நொடியைப் பாருங்க, இசை ஓடிக்கிட்டே இருக்கும்.

காலையில ஓ.பி. இருக்கு. கமெண்ட்ஸுக்கு நாளைக்கு வர்றேன்.