பனங்காட்டு வழியே சைக்கிளில்...

இத்தாலியில் டஸ்கனி பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கார் தொந்தரவில்லாத கப்பி ரோடுகளில் சைக்கிள் விடப் பல ஊர்க்காரர்களும் வருகிறார்கள். நமக்கு எதற்கு அவ்வளவு தூரம்? விழுப்புரம், திண்டிவனம் சகோதரிகளுக்கு ஏரிக்கரையும் பனைவரிசையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவே!

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், சுமார் 20 கி.மீ.யில் மண்டகப்பட்டு. பெரிய ரோட்டில் லாரி பயம். அதனால் ஊர்க்காரர்களிடம் கேட்டு, வண்டிப்பாதையாகவே போங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்கு மகேந்திரவர்ம பல்லவன் 7-ம் நூற்றாண்டில் குடைந்த கோயில் அங்கே இருக்கிறது. கல்வெட்டே அப்படித்தான் சொல்கிறது!

பனை சீசனில் போனால் பதநீர் கிடைக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் புளித்துக் கள்ளாகாது. குடித்தால் களைப்பு பறந்துவிடும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் வேண்டாம்.

"பிள்ளை பெத்தவ சைக்கிள் விடறதா?" என்று யாராவது முகம் சுளிக்கிறார்களா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். சந்தைக்கும் தண்ணீருக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். அதைச் சொல்லுங்கள்!

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் தூசி படிந்து கிடக்கிறதா? துடைத்து எடுங்கள். சரளையில் சறுக்காமலிருக்க டயரில் காற்றைச் சற்றே குறையுங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்த்தான் பாருங்களேன்!