பேரனின் புரோகிராமும் என் தபால் பதிவேடும்

பூந்தமல்லிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் என் பேரன், போன சனிக்கிழமை அம்பத்தூர் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை லேபில் காட்ட வேண்டிய சி புரோகிராம் முரண்டு பிடித்தது.

ஃபைலில் நான்கு பெயர்கள். புரோகிராம் ஒரு வரி படிக்கும். ஃபோர்க் போட்டுத் தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உண்டாக்கும். பெயரை அச்சிட்டுவிட்டுப் பிள்ளை போய்விடும். கீபோர்டில் தட்டினால் சரியாக ஓடியது. ஃபைலிலிருந்து படித்தால் வந்த பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன, நிற்கவே இல்லை.

"பஃபர்தான் தாத்தா ஏதோ பண்ணுது" என்றான். பஃபருக்குப் பிரெஞ்சில் 'மெம்வார் தாம்போன்' என்று பெயராம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, தாம்போன் என்றால் ரப்பர் ஸ்டாம்பு. வேலையில் இருந்த காலமெல்லாம் தபால் செக்‌ஷனில் அதைத்தானே குத்தினேன்!

புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸை ஓட்டினான். பிள்ளை வெளியேறும்போது 'எல்சீக்' என்று ஒரு வரி. அதன் பொருளை அவன் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது.

புரோகிராம் ஒவ்வொரு வரியாக எடுப்பதில்லை. 4096 பைட் வரை மொத்தமாக அள்ளித் தன் தட்டில் வைத்துக்கொள்கிறது. ஃபோர்க் போட்டால் தட்டுக்கும் நகல் உண்டு. ஆனால் ஃபைலில் எதுவரை எடுத்தோம் என்ற அடையாளம் இருவருக்கும் ஒன்றேதான். பிள்ளை எக்ஸிட் சொல்லிப் போகும்போது, 'மீதியை நான் படிக்கவில்லையே' என்று நல்ல எண்ணத்தோடு அதைப் பின்னால் நகர்த்திவிடுகிறது. தட்டு காலியானதும் தகப்பன் அங்கிருந்து மறுபடி அள்ளுகிறான். கீபோர்டில் பின்னால் போக வழியில்லை, அதனால் தொல்லையும் இல்லை.

நான் லீவில் இருந்த ஒருநாள் உதவிக்கு வந்தவர், இப்படித்தான் என் பதிவேட்டின் அடையாளச் சீட்டை இரண்டு பக்கம் பின்னால் வைத்துவிட்டார். அதில் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய மனுவுக்கு இரண்டு எண் விழுந்தது. இரண்டு கோப்பும் ஒன்றுக்கொன்று காத்திருக்க, அந்த அம்மா நான்கு மாதம் அலைந்தார். மெமோ எனக்கு வந்தது. அது வலிக்கவில்லை. அந்த அம்மாவின் முகம்தான் இன்னும் போகவில்லை.

பேரன் பிள்ளையின் பகுதியில் எக்ஸிட்டுக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் சேர்த்தான். அப்படிப் போனால் எதையும் தொடாமல் போய்விடுமாம். அச்சிட வேண்டியதும் தங்கிவிடக்கூடும் என்று அதற்கு முன் ஒரு எஃப்ஃபிளஷ். நான்கு பெயர் வந்தது, நின்றது.

பதினொரு மணிக்கு அவனுக்குத் தோசை வார்த்தாள் என் மனைவி.