காலுக்கேற்ற செருப்பு

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலில் ஆயன் ஒருவனைக் காட்டுமிடத்து, ஓயாது செருப்பணிந்து நடந்தமையால் தழும்பு ஆழப் பதிந்த அவனுடைய அடிகளையும் காட்டுகிறார். செருப்பைக் குறிக்கும் 'தொடுதோல்' என்னும் பழஞ்சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டு, அத்தழும்பை வெறும் அடைமொழியாகக் கருதி விரைந்து கடந்துவிடுவது என் வழக்கம். என் காலிலும் ஒரு தழும்பு விழுந்த பின்னரே புலவர் கண்ட கால் என் கண்ணுக்குப் புலனாயிற்று. அத்தழும்பு நேர்ந்த வரலாறு மாணவச் செல்வங்களுக்கும் பெரியோர்க்கும் பயன்படக்கூடும் என்று கருதி இம்மலரில் எழுதுகிறேன்.

என் ஊர் நீடாமங்கலம். வெண்ணாறு எங்கள் ஊருக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து வயல்களுக்குச் செல்கிறது. அத்தாவுக்குச் சிறிதளவு நிலம் இருந்தது. நாற்றங்காலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்து நடந்து அவருடைய பாதம் விசிறிபோல் விரிந்திருக்கும். 1984ஆம் ஆண்டு முதல் சம்பளம் வாங்கியவுடன் அவருக்கு ஒரு தோல் செருப்பு வாங்கிச் சென்றேன். கடையில் என் காலை வைத்துப் பார்த்தே அளவு சொன்னேன். அத்தா மகிழ்ச்சியோடு அணிந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வரும்போது செருப்பு கையில் இருந்தது.

"பிடிக்கலையா அத்தா?" என்று கேட்டேன்.

"செருப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. என் காலுதான் அதுக்குச் சரியில்லை" என்றார்.

அன்று அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.

பணி ஓய்வுக்குப் பின், 2022ஆம் ஆண்டில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது என் எடை 88 கிலோ. சோற்றைக் குறைத்து நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் அறிவுறுத்தினார். நெல் விளையும் மண்ணில் பிறந்தவனுக்குச் சோற்றைக் குறைப்பது எளிதன்று, ஆயினும் குறைத்தேன். வைகறையில் எழுந்து ஆற்றங்கரையில் அரைமணி நேரம் சென்று, அரைமணி நேரம் திரும்புவேன். பதினான்கு மாதங்களில் எடை 71 கிலோவாகக் குறைந்தது.

முகம் மெலிந்ததை ஊரார் கண்டனர். கால் மாறியதை நான் மட்டுமே கண்டேன். மாலையில் கணுக்காலைச் சுற்றிப் படியும் காலுறைத் தடம் மறைந்தது. தொளதொளவென்றிருந்த கெண்டைக்கால் இறுகி உருண்டது. இதற்குக் காரணம் உண்டு. இதயத்திலிருந்து காலுக்கு இறங்கிய குருதி புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். அடியெடுத்து வைக்குந்தோறும் கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளை அழுத்தி, அக்குருதியை மேலே தள்ளுகிறது. அதனாலேயே அதனை இரண்டாவது இதயம் என்று கூறுவர். கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் நோயால் வருந்தியோரை நம் பெரியோர் நன்கறிவர். அவர்களுக்கும் காலைக் கழுவித் தூய்மையாக வைத்தல், உயர்த்தி வைத்தல், கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்தல் ஆகியவை வீக்கத்தைக் கட்டுப்படுத்தத் துணைபுரிகின்றன.

இந்த மாற்றங்களைக் கண்டு நான் பெருமிதம் கொண்டிருந்தேன். ஆனால் 88 கிலோ மனிதனுக்கு வாங்கிய செருப்பிலேயே 71 கிலோ மனிதன் நடந்துகொண்டிருக்கிறான் என்பதை மறந்துபோனேன். நடக்கும்போது வார் தளர்ந்து கால் முன்னும் பின்னும் வழுக்கியது. பழந்தோல் நெகிழ்ந்துவிட்டது போலும் என்று எண்ணி, வாரை ஒரு துளை தள்ளி இறுக்கிக்கொண்டேன். ஒருநாள் நடந்து வந்து அமர்ந்தபோது என் பேத்தி, "தரையெல்லாம் சிவப்பா இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். சுண்டுவிரலின் அடியில் தோலுரிந்து குருதி கசிந்துகொண்டிருந்தது. எனக்கு வலி சிறிதும் தெரியவில்லை. குருதியைக் கண்டபோதைவிட, வலியில்லை என்பதை உணர்ந்தபோதே பெரிதும் அஞ்சினேன்.

மருத்துவர் புண்ணைத் துடைத்துக் கட்டிய பின்னர், "காலுக்கு மருந்து போட்டுவிட்டேன் ஐயா, செருப்புக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். சர்க்கரை நோய் நாட்பட நாட்பட, பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கக்கூடும். உணர்வுள்ளவன் செருப்பு உரசியவுடன் நடையை மாற்றுவான், அல்லது கழற்றி எறிவான். உணர்விழந்தவனோ அதே இடத்தை மீண்டும் மீண்டும் உரசவிட்டு நடப்பான். சிறு கொப்புளம் புண்ணாகி, கிருமி சேர்ந்து, விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலைக்கும் கொண்டுசெல்லும்.

இந்த உண்மையைத் தெளிவுபடுத்தியதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1946ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்களை ஆராய்ந்தார். அவர்களுடைய சதை தானே அழுகி விழுகிறது என்று உலகம் நம்பியிருந்தது. உணர்வற்ற காலில் நாள்தோறும் விழும் அழுத்தமும் உராய்வுமே புண்ணுக்குப் பெருங்காரணம் என்று அவர் காட்டினார். அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் மென்மையான நுண்ணறை ரப்பர்ச் செருப்புகள் வேலூரிலும் கரிகிரியிலும் பயன்பாட்டுக்கு வந்தன. 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது அவ்வழியில் வந்ததே. நடையும் மருந்தும் போலவே செருப்பும் நோய்காக்கும் கருவி என்பதை அன்று அறிந்தேன்.

புண் ஆற ஏழு வாரங்களாயின. அதன்பின் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் என் பழைய செருப்பைக் காட்டினேன். அவர் அதைப் புரட்டி அடிப்பாகத்தின் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு, "முன்னே நீங்க குதிகால் உள்பக்கமா சாய்ஞ்சு நடந்திருக்கீங்க, சார். இப்போ அப்படி நடக்கிறதில்லை போலிருக்கே" என்றார். நான் வியந்துபோனேன். மாலையில் வரச் சொன்னார். நாளெல்லாம் நடந்த கால் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். அப்போது எடுக்கும் அளவே பொருந்தும் என்பது அவர் கருத்து. தாள்மீது என்னை நிற்கவைத்து, இரு பாதங்களையும் தனித்தனியே வரைந்தார். அமர்ந்திருக்கும்போது உயர்ந்திருக்கும் பாதத்தின் வளைவு, நிற்கும்போது எடையால் தாழ்ந்து, பாதம் சற்று நீளும். ஒருவருக்கே இடக்காலும் வலக்காலும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

அளந்து பார்த்ததில், நீளம் ஏறக்குறைய முன்போலவே இருந்தது. குறைந்தவை பாதத்தின் அகலமும் புறவடியின் பருமனுமே. நாம் கடையில் கேட்கும் எட்டு, ஒன்பது என்னும் எண்களோ நீளத்தை மட்டுமே குறிப்பவை. எண் மாறவில்லை என்பதற்காகக் கால் மாறவில்லை என்று கொள்வது பிழையென்று விளங்கிற்று. புதுச் செருப்பில் நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு, குதிகாலைப் பிடிக்க ஒரு வாரும் வைத்துக் கொடுத்தார்.

எடையைக் குறைக்க முனைவோர்க்கும், புதிதாக நடைப்பயிற்சி தொடங்குவோர்க்கும் என் வேண்டுகோள் இதுவே: சட்டையைப் பிடித்துத் தைப்பதுபோல் செருப்பையும் மீண்டும் அளந்து வாங்குங்கள். நடக்குமுன் செருப்பினுள் கைவிட்டுக் கல், ஆணி உளவா என்று பாருங்கள். சர்க்கரை நோயாளர் ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைக் கண்ணாடியிலேனும் காணவேண்டும். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்தம் காலை இளையோர் பார்த்தல் நன்று. என் காலை என் பேத்தியே பார்க்கிறாள்.

புதுச் செருப்பணிந்து ஆற்றங்கரையில் நடந்த முதல் நாள் அத்தாவின் நினைவே நிறைந்திருந்தது. அவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. தம் கால்தான் சரியில்லை என்று அவர் சொன்னது தவறு. எங்களைப் படிக்கவைக்க வயலில் நடந்து விரிந்த கால் அது. அதில் குறையேதும் இல்லை. அதனை ஒருமுறையேனும் ஒரு தாள்மீது வைத்து அளந்து வாங்கத் தெரியாமற்போனது என் குறையே. அந்தச் செருப்பு, தேயாமலே, எங்கள் வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் கிடந்தது.