தேநீர்க் கிண்ணக் கண்கள்

சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

நீ சொன்னபடி இந்த ஊர்ச் சிங்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டேன். சிங்கத் தலை, கழுத்துக்குக் கீழே மீனின் செதிலும் வாலும், வாயிலிருந்து விரிகுடாவுக்குள் ஓயாமல் கொட்டும் தண்ணீர். பெயர் மெர்லயன். படங்களைப் பார்த்துப் பிரம்மாண்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நேரில் 8.6 மீட்டர்தான். எதிர்க்கரையில் மெரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரங்களும் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்க, இது கொலுப்படியில் வைத்த பொம்மை போலத் தெரிகிறது. ஆனால் எடை 70 டன்! சிமெண்டில் செய்து, தோலுக்குப் பீங்கான் தட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். கண்கள் இரண்டும் சிவப்பு நிறச் சின்னத் தேநீர்க் கிண்ணங்கள். அது தெரிந்த பிறகு இந்தச் சிங்கத்துக்குப் பயப்பட யாராலும் முடியாது.

அங்கே வருகிற எல்லோரும் எடுப்பது ஒரே படம்தான். கொஞ்சம் தள்ளி நின்று வாயைப் பிளந்தால், சிங்கம் உமிழும் தண்ணீர் நேராக நம் வாயில் விழுவது போல இருக்கும். "இன்னும் கொஞ்சம் சாயுங்க மாமா, தண்ணி காதுல விழுது" என்று பக்கத்தில் ஒரு தமிழ்க்குரல் அதட்டிக்கொண்டிருந்தது. மாமா சாய்ந்தார். நானும் பிறகு சாய்ந்தேன்.

சிங்கம் என்றால் நமக்கு அரியணை, முத்திரை, படை என்றுதான் நினைவு ஓடும். இந்தச் சிங்கம் பிறந்த கதை வேறு. 1964-இல் சுற்றுலா வளர்ச்சி வாரியத்துக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. வரைந்து கொடுத்தவர் அலெக் ஃப்ரேசர்-ப்ரன்னர் என்ற ஆங்கிலேயர். மீன்களை ஆராய்ந்தவர், இங்கிருந்த வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் பொறுப்பாளர், நினைவுப் பொருள்களுக்கான குழுவில் உறுப்பினர். மீன்காரரிடம் சிங்கம் கேட்டால் வேறு எப்படி வரும்? அன்றைக்குச் சிங்கப்பூர் தனி நாடுகூட இல்லை, மலேசியாவின் ஒரு பகுதி. தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9. ஆக, நாட்டுக்கே மூத்தது இந்தச் சின்னம். சுற்றுலாச் சின்னமாக யோசித்த உருவத்தை லிம் நாங் செங் என்ற சிற்பி சிலையாக்கினார். 1972 செப்டம்பர் 15 அன்று பிரதமர் லீ குவான் யூ அதைத் திறந்துவைத்தார்.

வரலாறு படித்தவன் நீ, இதைக் கேட்டு முகம் சுளிப்பாய். கொஞ்சம் பொறு. பழைய கதை மட்டும் கெட்டியான ஆதாரத்திலா நிற்கிறது? மலாய் அரச வரலாறான 'செஜாரா மெலாயு' சொல்வது இது: பாலெம்பாங் இளவரசன் சங் நீல உத்தமன் கடல் கடந்து துமாசிக் தீவுக்கு வருகிறான். வழியில் புயல். கப்பலில் இருந்ததையெல்லாம் எறிந்தும் ஆட்டம் அடங்கவில்லை. கடைசியில் தலையில் இருந்த மகுடத்தைக் கழற்றிக் கடலில் போட்ட பிறகே அடங்குகிறது. கரையேறியதும் ஒரு விலங்கு கண்ணில் படுகிறது. சிவந்த உடல், கறுத்த தலை, வெளுத்த மார்பு, கிடாயைவிடச் சற்றுப் பெரிய உருவம். என்ன விலங்கு என்று கேட்கிறான். அது சிங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று பதில் வருகிறது. உடனே ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைக்கிறான். மரபாக இதற்குச் சொல்லும் ஆண்டு 1299.

மலாய்த் தீபகற்பத்தின் காடுகளில் சிங்கம் இருந்ததில்லை. அந்த அடையாளங்களும் எந்தச் சிங்கத்துக்கும் பொருந்தாது. புலியாக இருக்கலாம் என்பது பலருடைய ஊகம்.

எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது உத்தமனின் பாட்டன் கதை. அவன் பெயர் சில பிரதிகளில் ராஜா சூரன், சிலவற்றில் ராஜா சூளன். சீனாவை வெல்லப் பெரும்படையோடு கிளம்பித் துமாசிக் வரை வந்தவன். சீனர்கள் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல் விழுந்த கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். "கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள், இவை விதைகள், இந்த ஊசிகள் இரும்புக் கம்பிகள்" என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று மலைத்துத் திரும்பிவிடுகிறான் ராஜா. பிறகு கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கி, கடலரசன் மகளை மணக்கிறான். அந்த வழியில் வந்த பேரன்தான் நம் உத்தமன்.

இந்த ராஜாவில் சோழர்களின் நினைவு ஒட்டியிருக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது உனக்குத் தெரிந்ததே. பாலெம்பாங் அந்த ஸ்ரீவிஜயத்தின் தலைநகரம். அடித்தவனையே தாத்தாவாக்கிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்! ஃப்ரேசர்-ப்ரன்னர் இதைப் படித்தாரோ இல்லையோ, சிங்கத்தைக் கண்டவனின் பாட்டி கடலுக்குள்ளிருந்து வந்தவள் என்றால் சிங்கத்துக்கு மீன்வால் முளைத்ததில் அதிசயமில்லை.

நிஜத்தில் இந்தத் தீவை நடுங்கவைத்தது புலி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகுக்கும் காம்பியர்ச் செடிக்கும் காட்டை வெட்டத் தொடங்கியதும் கூலியாட்கள் புலிக்கு இரையானார்கள். புலியைக் கொன்றால் அரசு பரிசு கொடுத்தது. 1835-இல் காட்டுக்குள் சாலை அளந்துகொண்டிருந்த கோல்மன் என்ற கட்டடக் கலைஞரின் குழுவுக்கு நடுவே ஒரு புலி பாய்ந்தது. அதை ஜெர்மானிய ஓவியர் லாய்ட்டமன் பின்னாளில் படமாக்கினார். புலி அந்தரத்தில் நிற்க, அளவைக் கருவி சாய்ந்து விழ, ஆட்கள் நாலாபக்கமும் சிதறுகிறார்கள். அந்த ஆட்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். இந்த ஊரின் பழைய சாலைகளில் அவர்கள் உழைப்பு நிறையவே கிடக்கிறது. இன்று அந்தப் படத்தை எல்லோரும் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கைதிகளின் முகங்களை விட்டுக் கண் நகரவில்லை. 1902-இல் சர்க்கஸிலிருந்து தப்பிய ஒரு புலி ராஃபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கிச் சுடப்பட்டது. சுவா சூ காங்கில் 1930-இல் சுட்டதோடு காட்டுப்புலிக் கணக்கு முடிந்தது என்பார்கள்.

அரசுச் சின்னத்தில் புலிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கேடயத்தின் ஒருபக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. 1959-இல் உருவாக்கியது. புலி மலாயா உறவைக் குறிக்கிறது. பிரிந்த பிறகும் அதை அழிக்கவில்லை. கால்பந்து மைதானத்தில் மட்டும் சிங்கங்களும் புலிகளும் எதிரெதிரே நிற்கும். மலேசிய அணிக்குப் பெயர் 'ஹரிமாவ் மலாயா', அதாவது மலாயாப் புலி. நம் சோழனையும் நினைத்துப் பார். கொடியில் புலி, பட்டத்தில் பரகேசரி. புலியும் சிங்கமும் ஒரே அரசனிடம் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன.

கோப்பிக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே யோசித்தேன்: ஆளை அடித்த விலங்கை விட்டுவிட்டு, யாரும் பார்த்தறியாத விலங்கை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? இங்கே புலி யாரோ ஒருவருடைய அப்பனைத் தின்ற புலி. மலாய்க்காரர்களுக்கு அது காட்டின் சொந்தக்காரன், எல்லைக்கு அப்பால் இன்னொரு நாட்டின் அடையாளம். சிங்கத்தின் மேல் யாருக்கும் பட்டா இல்லை. அதனால் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் அதை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். சீனாவிலும் காட்டுச் சிங்கம் கிடையாது. ஆனால் சீனப் புத்தாண்டுக்கு மத்தளம் அதிர வாசலில் ஆடுவது சிங்கம்தான். நமக்கோ அம்மன் ஏறிவருவது அதன் முதுகில். சிராங்கூன் சாலையில் தைப்பூசக் காவடி புறப்படும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு முன்பு என்ன பெயர் தெரியுமா? நரசிங்கப் பெருமாள் கோயில். ஆற்றுமுகத்தில் பாதி சிங்கம் பாதி மீன் வருவதற்கு நூறு வருடம் முன்பே, பாதி சிங்கம் பாதி மனிதன் இந்த ஊருக்கு வந்து குடியேறியாயிற்று.

படித்தவர்கள் மெர்லயனைக் கேலி செய்வார்கள். கவிஞர்கள் புகழ்ந்தும் சாடியும் எழுதியிருக்கிறார்கள். அது பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1997-இல் எஸ்பிளனேடு பாலம் வந்து முகத்தை மறைத்தது. 2002-இல் பெயர்த்தெடுத்து 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள். 2009-இல் மின்னல் தாக்கித் தலையில் ஓட்டை விழுந்தது. 2011 கலைவிழாவில் ஜப்பானியக் கலைஞர் தாத்ஸு நிஷி சிலையைச் சுற்றி ஓர் அறையையே கட்டிவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் சிங்கத்தலை, காசு கொடுத்தால் அப்போது ஓர் இரவு தங்க முடிந்தது. செந்தோசாத் தீவில் இதைவிடப் பெரிய மெர்லயன் ஒன்று 37 மீட்டர் உயரத்தில் நின்றது. 2019-இல் நடைபாதைத் திட்டத்துக்காக அதை மூடி, இடித்துவிட்டார்கள். சாமி சிலையென்றால் கையை வைப்பார்களா? சின்னம்தானே.

அரசு தன் பங்குக்கு 1986-இல் இன்னொரு சிங்கத்தை அறிவித்தது. வெறும் தலை, சிவப்பு நிறம், பிடரியில் ஐந்து பிரிவுகள். கொடியின் ஐந்து நட்சத்திரங்கள் சொல்லும் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றையே அவையும் சொல்கின்றன. நேர்த்தியான வரைவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் முன்னால் வாயைப் பிளந்து நிற்கும் ஒரு மாமாவையும் நான் பார்க்கவில்லை.

உன் பெண்ணுக்கு ஒரு மெர்லயன் சாவிவளையம் வாங்கியிருக்கிறேன். முஸ்தபா கடையில் விலை குறைவு. என்னைப் போன்ற சுற்றுலாப் பயணிகளுக்காகத்தான் அதை முதலில் வரைந்தார்கள் என்று அவளிடம் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்